பெரிய ஓடுபாதையா, நாள் தவறாத ஊர்தியா?

எமது கல்லூரியின் விழாவையொட்டிப் பழைய மாணவர் சங்கத்தார் கூட்டிய கூட்டமொன்றில் யாமும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தோம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வந்திருந்த அன்பர் பலர் ஒரே குறையை வெவ்வேறு சொற்களாற் கூறினர். கட்டுநாயக்காவில் இறங்கிய பின்னர் யாழ்ப்பாணம் வந்து சேர இரவு முழுவதும் தெருவிற் கழிகின்றது. பலாலி ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களை நேராக இங்கேயே இறக்கினால் என்ன என்பதே அக்குறை. மண்டபத்திற் கைதட்டல் எழுந்தது. யாமும் தட்டினோம். ஆயின் வீடு திரும்பும் வழியில் அக்கைதட்டல் முறையானதுதானா என்ற ஐயம் எம்மைத் தொடர்ந்து வந்தது. அந்த ஐயத்தின் பயனே இக்கட்டுரை. தமிழாசிரியர்க்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என வினவுவாரும் உளர். விமானத்தை ஓட்டுவதற்கு அதற்குரிய கல்வி வேண்டும். அது யாருக்காக ஓடுதல் வேண்டும் என்று கேட்பதற்கு ஊரிற் பிறந்திருத்தலே போதும் என்பது எமது விடை.

வானவூர்தி என்ற கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. பாகன் செலுத்தாது தானே செல்லும் வான ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் கூறினார். அது புகழ்பெற்றோர் ஏறுவது. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் மயிற்பொறி செய்வித்தான். அது கருவுற்ற தேவி பகைவரிடமிருந்து தப்புதற்கு. இலங்கை வேந்தனின் புட்பக விமானமோ எத்துணைப் பேர் ஏறினும் இன்னும் ஒருவர்க்கு இடமுடையது என்பர், அதுவும் அரசனுடையதே. குடிமக்கள் மருத்துவம் நாடியும் கல்வி நாடியும் பிரிந்திருக்கும் மகளைக் காணவும் ஏறிச்செல்லும் ஊர்தியை எக்காப்பியமும் கூறவில்லை. அதனைத் தந்தது இருபதாம் நூற்றாண்டு.

எமது மண்ணில் அது தொடங்கிய நாள் 1947 டிசம்பர் 10. அன்று எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிற் கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கிப் பின்னர்ச் சென்னைக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையினர் அமைத்த பலாலித் தளமே அதற்குப் பயன்பட்டது. நாட்டின் தேசிய விமான சேவையினுடைய முதற் பயணமே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்ற பயணம் என்பதை இற்றை மாணவர் பலர் அறியார். அந்நாளிற் பலாலியிலிருந்து கடல் கடந்து தமிழகம் சென்று வந்த கதையை இன்றும் சுவைபடக் கூறும் மூத்த பழைய மாணவர் எம்மிடை உளர். 1978 செப்ரெம்பர் 7 ஆம் நாள் அச்சேவையின் அவ்ரோ விமானமொன்று இரத்மலானையிற் குண்டினால் தகர்க்கப்பட்டது. எயார் சிலோனும் சிறிது காலத்தில் ஓய்ந்தது. 1979 இல் அதனிடத்திற் பிறந்த எயார் லங்காவின் நாட்டம் நெடுந்தூர நாடுகளின் மேற் சென்றது.

அதன்பின் வந்த காலத்தை ஈண்டு விரித்தல் வேண்டா. யாம் சிறுவராயிருந்த தொண்ணூறுகளில் எமக்குத் தெரிந்த விமானம் ‘பொம்மர்’ ஒன்றே. இரைச்சல் கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவது அக்காலப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. தரைவழி அடைபட்ட ஆண்டுகளிற் கொழும்புக்கு விரைந்து செல்ல வேண்டியவர்க்கு வான்வழியன்றி வேறு வழி இல்லாதிருந்தது. 1998 செப்ரெம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அந்தனோவ் விமானம் மன்னார்க் கடலிற் சுட்டு வீழ்த்தப்பட, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வேறு வழியின்மையால் ஏறியவர் அவர். குறுந்தூர விமானம் செல்வர்க்குரிய ஆடம்பரம் என்று எவரேனும் கூறக் கேட்கும்போதெல்லாம் எமக்கு அவர்களே நினைவுக்கு வருகின்றனர்.

போர் முடிந்து பத்தாண்டுகள் சென்ற பின்னரும் பலாலியிலிருந்து தமிழகம் செல்ல வழி இருக்கவில்லை. அக்காலத்தில் ஒருமுறை யாமும் சென்னை சென்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கி இரவு முழுவதும் பேருந்திற் சென்று, கட்டுநாயக்காவிற் பல மணிநேரம் காத்திருந்து, விமானமேறி, வந்த வழியையே வானத்தால் அளந்துகொண்டு வடக்கு நோக்கித் திரும்பினோம். பலாலியிலிருந்து சென்னை வான்வழியே 360 கிலோமீற்றர்தானும் இல்லை. திருச்சிராப்பள்ளி 200 கிலோமீற்றருக்கும் குறைவு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுதல் என்பதற்கு மாணவர்க்கு உதாரணம் காட்ட அன்றுமுதல் எமக்கு வேறொன்று வேண்டியதில்லை.

2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்ரெம்பர் 1 முதல் வேறொரு கம்பனியும் சென்னைச் சேவையில் இறங்கி, 2025 மார்ச் 30 இல் திருச்சிராப்பள்ளிக்கும் வழி திறந்தது. இவையெல்லாம் எழுபது எண்பது பேர் ஏறும் ஏரீஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானங்களாற் செய்யப்பட்டன. இவ்வகை விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டியதில்லை. எம்மிடம் உள்ள ஓடுபாதையே அதற்குப் போதுமாயிருந்தது. இதனைப் பெரிய விமானம் கேட்கும் அன்பர்கள் மனங்கொளல் வேண்டும்.

நிற்க. இத்தகைய சிறு சேவைகள் ஏன் அடிக்கடி தோன்றி அடிக்கடி மறைகின்றன என்பதை ஆராய்வோம். விமானம் மேலெழுந்து உயரஞ்செல்லும்போதே எரிபொருளை மிகுதியாகக் குடிக்கின்றது. நெடுந்தூரம் செல்வது அச்செலவைப் பல மணிநேரத்திற் பரப்பிக்கொள்ளும்; ஒரு மணிநேரத்தில் இறங்குவதற்கு அவ்வசதி இல்லை. இறங்கு கட்டணம், தரைப் பணியாளர் கூலி, சில்லுகளின் தேய்வு, இயந்திரப் பராமரிப்பு ஆகியவை தூரத்தைப் பாராது ஒவ்வொரு பயணத்துக்கும் உரியன. இவற்றைப் பங்கிடுவதற்குப் பெரிய விமானத்திற் பல நூறு பேர் உளர்; சிறியதில் எழுபது பேரே. அவருள்ளும் முப்பது பேர் வாராவிடின் அன்றைய கணக்கு நட்டமே. புட்பகத்தின் வெறும் ஆசனம் அதன் சிறப்பாயிற்று. இக்காலக் கம்பனிக்கோ வெறும் ஆசனமே காலன். பின்னேரச் சந்தையில் மிஞ்சிய மீனையாவது கருவாடாக்கலாம். புறப்பட்டுவிட்ட விமானத்தின் வெறும் ஆசனத்தை ஒன்றுஞ் செய்தல் இயலாது.

இதற்குச் சான்று தேடித் தூரம் செல்ல வேண்டியதில்லை. அயல்நாடாகிய இந்தியா சிற்றூர்களை வான்வழியால் இணைக்க 2016 இல் ‘உடான்’ என்னும் திட்டத்தை வகுத்தது. ஒரு மணிநேரப் பயணத்துக்கு ஆசனங்களுட் பாதியளவுக்கு 2,500 இந்திய ரூபா என்ற உச்சவரம்பு வைத்து, நட்டத்தை மூன்றாண்டுகளுக்கு ஈடுசெய்வது அதன் முறை. நோக்கம் உயர்ந்தது. ஆயின் 2023 இல் அந்நாட்டுக் கணக்காய்வுத் தலைவர் வெளியிட்ட அறிக்கையின்படி, முதன் மூன்று சுற்றுக்களில் வழங்கப்பட்ட 774 வழிகளுள் 371 மட்டுமே தொடங்கின. அவற்றுள் மூன்றாண்டுகள் நிறைவெய்தியவை 112. உதவி நின்ற பின்னரும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. பிரித்தானியாவின் உள்ளூர்ச் சேவைகளிற் பெரும்பங்கு வகித்த பிளைபீ என்னும் கம்பனி 2020 மார்ச்சில் வீழ்ந்தபோது பல ஊர்கள் ஒரே இரவிற் சேவையிழந்தன. அது 2022 இல் மீண்டும் எழுந்து, 2023 சனவரியில் மறுபடியும் வீழ்ந்தது.

அவ்வாறாயிற் குறுந்தூர விமானத்தைக் கைவிடுவதா? இங்கேதான் பகுத்தறிதல் வேண்டும். தூரம் ஒன்றே அளவுகோலாகாது. இடையில் இருப்பது என்ன, வேறு வழி உண்டா என்பதே சரியான அளவுகோல். நல்ல இருப்புப்பாதை உள்ள இடத்திற் குறுந்தூர விமானம் வேண்டுவதில்லை. பிரான்சு நாடு இரண்டரை மணிநேரத்துக்குள் இரயிலிற் செல்லக்கூடிய ஊர்களுக்கிடையே உள்நாட்டு விமானங்களை 2023 மே மாதத்திற் சட்டத்தால் நிறுத்தியது. பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்து, லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கான வழிகள் அதனுள் அடங்கின. வான் வெப்பமுறும் இக்காலத்தில் அச்செயல் நியாயமானதே.

நோர்வேயின் நிலை வேறு. அங்கே மலையும் கடற்கழியும் ஊரைப் பிரிக்கின்றன. பாதையாற் பல மணிநேரம் சுற்றவேண்டிய ஊர்களுக்கு எண்ணூறு மீற்றர் அளவேயான ஓடுபாதைகளிற் சிறு விமானங்கள் இறங்குகின்றன. ஊதியம் கிட்டாத வழிகளை அரசு கேள்விப்பத்திரம் மூலம் குறித்த ஆண்டுகளுக்கு ஒப்பந்தஞ் செய்து நடத்துகின்றது. ஸ்கொத்லாந்தின் ஓர்க்கினித் தீவுகளில் வெஸ்ற்றே, பாப்பா வெஸ்ற்றே என்னும் இரு தீவுகளுக்கிடையே எட்டுப்பேர் ஏறும் விமானம் ஒன்று 1967 முதற் பறக்கின்றது. தூரம் 2.7 கிலோமீற்றர், நேரம் இரண்டு நிமிடம். உலகில் மிகக் குறுகிய சேவை அதுவே. அதில் ஏறுவோர் ஆசிரியரும் நோயாளரும் அலுவலரும் ஆவர். அதனை ஆடம்பரம் என்பார் எவர்? எம் தீவகத்து மாணவர் கடல் கொந்தளிக்கும் நாளிற் படகுக்காகக் காத்திருந்து வகுப்புக்குப் பிந்தி வருவதைக் காணும் எமக்கு அச்சிறு விமானத்தின் பொருள் நன்கு விளங்குகின்றது.

இவ்வளவுகோலை எமக்குப் பொருத்திப் பார்ப்போம். இரத்மலானை பலாலியிலிருந்து வான்வழியே ஏறக்குறைய 330 கிலோமீற்றர். இடையே கடலும் இல்லை, மலையும் இல்லை. 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே பாதை, 1990 இல் அற்றுப்போய், 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரைக்கும் மீண்டது. கொழும்புக்குச் செல்வோர்க்கு வேண்டியது விரைவும் ஒழுங்கும் உடைய இரயிலே. தலைநகர்க்கு விமானம் வேண்டுவோர் தம் பணத்திற் செல்க. அதற்கு அரசின் பணத்தைக் கேட்டல் தகாது. நோயாளர்க்கான அவசரப் பயணம் ஒன்றே இதற்கு விலக்கு.

தமிழகத்துக்குச் செல்லும் வழி அத்தகையதன்று. இடையே இருப்பது கடல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான பழைய இரயிற்படகு வழியும் அழிந்தது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகத்தில் மீண்டும் தொடங்கியதை யாவரும் அறிவர். கப்பல் பொருளுக்கும் பொறுத்திருக்கக் கூடியவர்க்கும் உரியது. நோயாளிக்கும் நேர்முகத்துக்குச் செல்லும் மாணவனுக்கும் விமானமே துணை. ஆதலின் இவ்வழி ஆடம்பரமன்று. கடலின்மேல் இட்ட பாலம். பாலத்தைக் கட்டியவர் அது நாளும் இலாபந் தருகின்றதா என்று நாளுங் கணக்குப் பார்ப்பதில்லை.

இனி ஓடுபாதையைப் பற்றிச் சொல்லவேண்டிய சொல் ஒன்று உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்குச் சென்ற ஒருமுறை எம் பக்கத்து ஆசனத்தில் மூதாட்டி ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளிற் படகேறித் தமிழகம் சென்று அங்கேயே குடும்பமாகிவிட்ட மகளைக் காண அவர் செல்கின்றார். அவர்க்கு அது முதல் விமானப் பயணம். விமானம் ஓடத் தொடங்கியதும் அச்சத்தால் எம் கையைப் பற்றுவார் என்று எண்ணினோம். அவரோ யன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, “உந்தப் பனையளுக்கு அங்காலதான் தம்பி எங்கட வளவு. கிணத்துத் தண்ணி தேன் மாதிரி” என்றார். விமானம் மேலெழுந்தது. அதன்பின் அவர் பேசவில்லை, யாமும் பேசவில்லை.

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் காணிகள் பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோதிலும், இன்னும் வாயிலில் நின்று பார்த்துத் திரும்புவோர் உளர். ஓடுபாதையை நீட்டல் வேண்டும் என்று மண்டபத்தில் நாம் கைதட்டியபோது எவருடைய வளவின்மேல் நீட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாமும் கேட்கவில்லை. அதனாலேயே எம் கைதட்டல் எமக்குப் பின்னர் உறுத்திற்று.

பெரிய ஓடுபாதை இருந்தால் விமானம் தானே வரும் என்பது மற்றொரு மயக்கம். 2013 மார்ச்சில் மத்தளையில் 3,500 மீற்றர் ஓடுபாதையோடு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2015 இல் தேசிய விமான சேவையே அங்கிருந்து விலகிற்று. அவ்வாண்டில் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல்லைச் சேமிக்க நேர்ந்தது. ஓடுபாதை நீளமாயிற்று, பயணிகள் பெருகவில்லை. ஊருக்கு வேண்டியது நாளும் வரும் சிறு ஊர்தியேயன்றி, ஆண்டுக்கொருமுறை படமெடுப்பதற்குரிய பெரிய ஊர்தியன்று.

ஆகவே எமது துணிபுகளைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, பலாலி–தமிழகச் சேவையை அரசுகள் இரண்டும் பொதுச்சேவையாகக் கொண்டு, வாரத்துக்கு இத்தனை பயணம், கட்டணம் இவ்வளவுக்கு மேற்படாது, காலம் ஐந்தாண்டு என வரையறுத்துக் கேள்விப்பத்திரம் கோருதல் வேண்டும். மூன்றாண்டு போதாதென்பதை உடான் காட்டிற்று. கொடுக்கும் உதவித்தொகை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் மக்களறிய வெளியிடல் வேண்டும். இரண்டாவது, ஒரு மணிநேரம் பறப்பவர்க்கும் பத்து மணிநேரம் பறப்பவர்க்கும் விமானநிலைய வரி ஒரே அளவாயிருத்தல் முறையன்று. தூரத்துக்கேற்ப அது குறைதல் வேண்டும். மூன்றாவது, நோயாளர்க்கும் மாணவர்க்கும் சில ஆசனங்களைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்குதல் வேண்டும். நான்காவது, இருக்கும் ஓடுபாதைக்கேற்ற விமானத்தைத் தேடுதல் வேண்டும். விமானத்துக்கேற்ப ஊரை வெட்டுதல் ஆகாது.

வன்னியில் வெயிலில் நிற்கும் உழவன் கொடுக்கும் வரியில் விமானமேறுவோர்க்கு உதவி கொடுப்பதா என்ற வினா எழும். நேர்மையான வினா அது. உதவியை மூடிமறைத்துக் கொடுத்தால் அவ்வினாவுக்கு விடையில்லை. வரையறையோடும் கணக்கோடும் கொடுத்து, அவ்வுழவனின் மகளும் மருத்துவத்துக்கு ஏறக்கூடிய கட்டணத்தில் அதனை வைப்பின் விடையுண்டு. சேவை அற்றுப்போயின் இழப்பு செல்வர்க்கன்று. அவர் கட்டுநாயக்காவைச் சுற்றி இரண்டு நாளைச் செலவிட்டும் செல்வர். செல்லாது நின்றுவிடுபவர் வறியவரே.

எதிர்காலம் பற்றியும் ஒரு சொல். 2019 டிசம்பர் 10 ஆம் நாள் கனடாவின் வான்கூவர் அருகே, பழைய பீவர் கடல்விமானமொன்று மின்கலத்தால் இயங்கும் மோட்டாரோடு சில நிமிடம் பறந்தது. எயார் சிலோன் எம் ஊரைத் தொட்ட அதே நாள். ஆண்டு மட்டும் எழுபத்திரண்டு கடந்தது. மின்விமானத்தின் இடர் யாதெனில், ஒரே எடையில் எரிபொருள் தாங்கும் ஆற்றலில் ஏறக்குறைய நாற்பதிலொன்றே இற்றை மின்கலம் தாங்கும். அதனால் நெடுந்தூரம் அதற்கு எட்டாது. 2022 இல் எட்டு நிமிடம் பறந்து புகழ்பெற்ற ‘அலீஸ்’ என்னும் மின்விமானத்தின் ஆக்கப்பணியும் 2025 இல் இடைநின்றது. எனவே நாளையே வரும் என்று நம்பி இருத்தல் பேதைமை. ஆயினும் 2040 அளவில் உள்நாட்டுப் பறப்புக்களை மின்வழிப்படுத்துவது என நோர்வே இலக்கு வைத்துள்ளது. அவ்வகை ஊர்தி வருமாயின் முதலில் வருவது இருநூறு கிலோமீற்றர் போன்ற குறுவழிகளுக்கே. அது வருமளவும் வழியை மூடாது வைத்திருத்தல் எம் கடன்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பெரிய ஓடுபாதை கேட்டு எழுதும் மனுவில் உங்கள் கையொப்பத்தை இடுமுன், இயன்றோர் சென்னை வழியாகவோ திருச்சிராப்பள்ளி வழியாகவோ பலாலிக்கு வந்து, சிறு விமானத்தின் ஆசனமொன்றை நிரப்புக. சேவையைக் காக்கும் கையொப்பம் அதுவே. காணி திரும்பப் பெறாதவரின் மனுவிலும் உங்கள் பெயர் இருக்கட்டும்.

இப்பொழுதும் விமான இரைச்சல் கேட்டால் எம் உடல் ஒருகணம் ஒடுங்குகின்றது. பழைய பழக்கம் போகவில்லை. எம் மாணவரோ இலக்கணப் பாடத்தை விட்டு யன்னற்பக்கம் தலையை நீட்டுகின்றனர். எந்த ஊருக்குப் போகின்றது என்று வாதாடுகின்றனர். யாம் அவர்களைக் கடிவதில்லை. அவ்விரைச்சல் நாள் தவறாது கேட்கவேண்டும் என்பதும், அதனைக் கேட்டு எவரும் தம் வளவை எண்ணிக் கண்கலங்காத காலம் வரவேண்டும் என்பதும் எமது அவா.